உளுத்த கட்டையும் கேக்டஸ் ஜூஸும்: ஒரு பேனாக் கடைசல்காரியின் மதிப்புரை

நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற கட்டை, பீக்கன் என்கிற அமெரிக்கக் கொட்டை மரத்தினுடையது. குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புக் கோடுகள் ஓடி, பார்க்க அவ்வளவு அழகு. லேத்தில் மாட்டி உளியை வைத்தால் நார்நாராகப் பிய்ந்து கொட்டும். இந்தக் கட்டையைப் பேனாவாக்க முடியுமா என்று பார்க்கத்தான் டர்ன்டெக்ஸ் நிறுவனத்தின் கேக்டஸ் ஜூஸ் ரெசினை வாங்கினேன். கட்டைக்குள் இருக்கிற காற்றை வெற்றிடப் பம்பால் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தத் திரவத்தை ஏற்றிச் சூட்டில் இறுக்குவதற்கு ஸ்டெபிலைஸ் செய்வது என்று பெயர். முடிகிறது, நன்றாகவே முடிகிறது. ஆனால் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். அந்தப் பாதியைப் பற்றி யாரும் உருப்படியாகச் சொல்வதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் இருப்பது டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக். வேலை ஆஸ்பத்திரி லேபில். சொந்த ஊர் அம்பாசமுத்திரம், மரச் செப்புச் சாமான் கடைகிற ஊர். தாய்மாமா வீட்டையொட்டியே கடைசல் பட்டறை. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார், உராய்கிற சூட்டில் அரக்கு உருகிப் படிந்து மினுங்கும். அதைப் பார்த்து வளர்ந்த கை சும்மா இருக்குமா? கராஜில் ஒரு சின்ன லேத் போட்டேன். வீட்டுக்காரர் தன் காரைத் தெருவில் நிறுத்தப் பழகிக்கொண்டார்.

பீக்கன் கட்டை வந்த வழி இது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் ஆஸ்டின் பக்கம் உறைமழை பெய்து, கிளைகளில் பனிக்கட்டி கனத்து, ஊர் முழுக்க மரங்கள் முறிந்தன. எங்கள் கொல்லைப்புறத்தில் விழுந்த பீக்கன் கிளையை எடுத்துப்போட ஆளில்லாமல் இலைக்குப்பைக்குள்ளேயே கிடந்தது. பூஞ்சணத்துக்கு அது போதும். ஒரு மரத்துக்குள் வெவ்வேறு பூஞ்சணங்கள் இடம் பிடிக்கும்போது, ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் வராதபடி கறுப்பாகச் சுவர் எழுப்பிக்கொள்ளும். அந்தச் சுவர்கள்தான் நாம் பார்க்கிற கோடு. கோடு நன்றாக விழுகிற நேரத்தில் மரமும் இற்றுப்போய்விடும். அழகும் பலமும் ஒன்றாகக் கிடைக்காத கட்டை அது. வாட்ஸப்பில் காட்டியபோது மாமா, "ஏட்டி, இதக் கடையவா அமெரிக்கா போன? அடுப்புக்குக்கூட ஆகாத கட்டையில்லா இது!" என்றார்.

கேக்டஸ் ஜூஸ் டெக்சாஸ்காரர்களின் தயாரிப்பு. ஆஸ்டினுக்குத் தெற்கே ஐ-35 சாலையில் இருக்கிற சான் மார்கோஸ்தான் இடம். மெத்தாக்ரிலேட் வகை ரெசின் இது. எபோக்ஸி போல இரண்டைக் கலந்ததும் இறுக ஆரம்பிக்காது, சூடு காட்டினால்தான் இறுகும். கூடவே தனியாக ஒரு ஆக்டிவேட்டர் தருகிறார்கள். அதைக் கலந்த பிறகும் குளிர்ந்த இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் தண்ணீராகவே இருக்கும். பேனாக்காரர்களுக்கு இதில்தான் லாபம். ஊறவைத்து மிஞ்சியதை வடிகட்டி மறுபடி பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம், ஒரு சொட்டும் வீணில்லை. ஆனால் டெக்சாஸ் கோடையில் கராஜ் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அது உள்ளே, ஏ.சி. ஓடுகிற ஸ்டோர் ரூமில் இருக்கிறது, குழந்தைகள் கைக்கு எட்டாத மேல் தட்டில்.

இப்போது அந்த முதல் பாதி. கட்டை காய்ந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு காய வேண்டும் என்பதில்தான் விஷயம். சூளையில் உலர்த்தி விற்கிற கட்டையிலேயே 6 முதல் 8 சதவீதம் ஈரம் இருக்கும். வீட்டில் காற்றாடப் போட்டது 12 வரைக்கும் போகும். மேசை நாற்காலி செய்ய அது நல்ல காய்ச்சல். இந்த ரெசினுக்கு ஆகாது. ஈரம் பூஜ்ஜியத்துக்கு வர வேண்டும். காரணம் எளிது. மரத்துக்குள் தண்ணீர் இருக்கிற இடத்தில் ரெசின் போக முடியாது. போதாக்குறைக்கு 29 அங்குல (பாதரச மட்டத்தில் அளப்பது) வெற்றிடத்தில் தண்ணீர் 25 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கட்டையிலிருந்து குமிழ் வந்துகொண்டே இருக்கும், நீங்கள் காற்றுதான் வெளியேறுகிறது என்று நம்பி உட்கார்ந்திருப்பீர்கள். வருவது நீராவி. பிறகு சூட்டில் வைக்கும்போது மிச்ச ஈரமும் ஆவியாகி, உள்ளே போன கொஞ்ச ரெசினையும் வெளியே தள்ளிவிடும். குமிழ் நிற்கவேயில்லை என்று ரெசினைக் குறை சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கட்டையின் எடையைத்தான்.

எடைதான் ஒரே நம்பகமான சாட்சி. ஊசி குத்திப் பார்க்கிற ஈரமானிகள் 6 சதவீதத்துக்குக் கீழே சரியாகக் காட்டாது. ஓவனில் 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். எடுத்து எடை போட்டு, கட்டை மேலேயே பென்சிலால் எழுதுங்கள். மறுபடி சில மணி நேரம் வைத்து நிறுங்கள். எண் மாறவில்லையென்றால் காய்ந்துவிட்டது. 0.1 கிராம் காட்டுகிற சமையலறைத் தராசு போதும். லேப் வேலை செய்கிறவள் என்பதால் இந்த எழுதிவைக்கிற வேலை எனக்குச் சலிப்புத் தட்டுவதில்லை. தட்டுகிறவர்கள் ஸ்டெபிலைஸ் செய்த கட்டையை விலைக்கு வாங்கிக்கொள்வது நல்லது.

ஓவனிலிருந்து எடுத்த கட்டையை அப்படியே ரெசினில் போடக் கூடாது. சூடு பட்டால் இறுகுகிற திரவம் அது, சூடான கட்டையைப் போட்டால் மொத்த ரெசினும் கெடத் தொடங்கும். அதே சமயம் வெளியில் ஆறவைத்தால் காற்றின் ஈரத்தை மறுபடி குடித்துவிடும். ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் காற்றை நெருக்கி எடுத்துவிட்டு உள்ளேயே ஆறவிட வேண்டும். முழுக்க ஆறட்டும்.

வேக்குவம் சேம்பரில் கட்டையை அடுக்கி, மேலே பாரம் வைத்து (மிதக்கும்), இரண்டு அங்குலம் மூழ்கும்படி ரெசினை ஊற்றி, மூடியை வைத்துப் பம்பை ஓட்டினால் முதல் சில நிமிடங்கள் பால் பொங்குகிற மாதிரி பொங்கும். கையை வால்விலேயே வைத்திருந்து, நுரை ஏற ஏறக் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு அடக்க வேண்டும். நுரை பம்புக்குள் போனால் பம்பின் கதை முடிந்தது. சேம்பரில் பாதிக்கு மேல் நிரப்பாமலிருந்தால் இந்தக் கவலை குறையும். பிறகு அடங்கி, குமிழ் மட்டும் வந்துகொண்டிருக்கும். குமிழ் ஏறக்குறைய நிற்கும்வரை பம்ப் ஓடட்டும். இற்றுப்போன பீக்கன் சில மணி நேரம் வாங்கும், அடர்த்தியான கட்டை இரவு வரைக்கும் இழுக்கும்.

வெற்றிடம் ரெசினை மரத்துக்குள் இழுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது இழுப்பதில்லை. மரத்துக்குள் இருக்கிற காற்றை வெளியே எடுப்பது மட்டும்தான் அதன் வேலை. பம்பை நிறுத்தி வால்வைத் திறந்த பிறகுதான், சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு என்று அழுத்துகிற வெளிக்காற்று ரெசினைக் காலியான நுண்துளைகளுக்குள் தள்ளுகிறது. ஆகவே குமிழ் நின்றதும் எடுத்துவிடக் கூடாது. வெற்றிடத்தில் இருந்த நேரத்தைப்போல இரண்டு மடங்காவது ரெசினிலேயே ஊறட்டும். இந்த நேரத்தில்தான் ரெசின் மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். கட்டை வெளியே தெரியத் தொடங்கினால் அது ரெசினுக்குப் பதில் காற்றைக் குடித்துவிடும், மட்டத்தைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள்.

மீட்டர் முள் 29-ஐத் தொடவில்லை என்று பதறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் மட்டத்தில் காற்றழுத்தமே 29.92 அங்குலம்தான். மேலே போகப் போக ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். ரவுண்ட் ராக் சுமார் 700 அடி உயரம், இங்கே 29 வந்தாலே பெரிது. கொடைக்கானலில் இதே பம்பை ஓட்டினால் முள் 23 பக்கத்தில் நின்றுவிடும், பம்பில் கோளாறு இருக்காது.

கடைசியில் சூடு. கட்டையை எடுத்து வடியவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அலுமினியத் தாளில் சுற்றி 93 டிகிரியில் வைக்க வேண்டும். தாள் இல்லாவிட்டால் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். கட்டையின் நடுப்பகுதி வரை அந்தச் சூடு போய்ச் சேர வேண்டும். முக்கால் அங்குலப் பேனாக்கட்டைக்கு ஒன்றரை மணி நேரம் என்பார்கள், நான் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுவேன். அதிக நேரம் வைப்பதால் கெடுவதில்லை. இதற்கென்று தனியாக ஒரு டோஸ்டர் ஓவன் வேண்டும். சமைக்கிற ஓவனில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. டோஸ்டர் ஓவனின் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், 20 டிகிரி தள்ளிப் போவது சகஜம். வாடை வரும், கராஜ் கதவைத் திறந்தே வையுங்கள். கையுறை கட்டாயம். மெத்தாக்ரிலேட் தோலில் அடிக்கடி பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்து ஒட்டிக்கொள்ளும், ஒருமுறை வந்தால் பிறகு போகாது. லேபில் இருக்கிறவர்களுக்கு நைட்ரைல் கையுறையின் அருமை தெரியும்.

இனி பலனைப் பார்ப்போம்.

பீக்கன்: ஒரு பேனாக்கட்டை, முக்கால் அங்குலச் சதுரம், 5 அங்குல நீளம். காய்ந்தபோது 23 கிராம், வெளியே வந்தபோது 44. எடை ஏறக்குறைய இரட்டிப்பு. நகம் இறங்கவில்லை. 7 மில்லிமீட்டர் துளை போட்டபோது மறுபக்கத்தில் சில்லு பெயரவில்லை. உளியை வைத்தால் பிய்வதற்குப் பதில் சுத்தமாகச் சீவிக்கொண்டு வந்தது. கறுப்புக் கோடு முன்னைவிட அடர்த்தியாகத் தெரிகிறது, வெள்ளைப் பகுதி மட்டும் லேசாகத் தேன் நிறத்துக்குப் போனது. இந்தக் கட்டைக்காகவே ரெசினுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம்.

மெஸ்கீட்: இங்கே எங்கு பார்த்தாலும் நிற்கிற மரம். நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. ஊரில் அதை வெட்டித் தள்ளச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, டெக்சாஸில் பங்காளி மரத்தின் முண்டுக்குக் கடைசல்காரர்கள் காசு கொடுக்கிறார்கள். நல்ல மெஸ்கீட் கட்டை 36 கிராமிலிருந்து 40-க்குத்தான் போனது. அதாவது அதற்கு இது தேவையே இல்லை. சுருங்கி விரிகிறது மிகக் குறைவான மரம் அது, இயற்கையே ஸ்டெபிலைஸ் செய்து அனுப்பியிருக்கிறது. ஈட்டி, தேக்கு, கொக்கபோலோ போன்ற எண்ணெய்ப் பிடிப்புள்ள மரங்களும் இப்படித்தான். அந்த எண்ணெய் ரெசினை உள்ளே விடாது, இறுகவும் இடைஞ்சல் செய்யும். வைரம் பாய்ந்த நல்ல கட்டைக்குச் செலவு செய்து ரெசின் ஊற்றுவது வீண் என்பது என் தீர்ப்பு.

பனை: இதுதான் என்னை அசத்தியது. இங்கே 'பிளாக் பாம்' என்ற பெயரில் பேனாக்கட்டை விற்கிறார்கள். ஏதோ தென்னமெரிக்க மரம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அது நம் ஊர்ப் பனையேதான். பனையில் கறுத்த நார்கள் இரும்பாக இருக்கும், இடையில் இருக்கிற சோறு மெத்தென்று இருக்கும். கடையும்போது சோறு முதலில் தேய்ந்துபோய் நார் மட்டும் துருத்தி நிற்கும், சமயத்தில் சிலாம்பாகப் பெயர்ந்து விரலில் ஏறும். ரெசின் அந்தச் சோற்றுப் பகுதிக்குள் போய் இறுகியதும் இரண்டும் ஒரே வழியில் சீவப்படுகின்றன. நுனியில் மட்டும் இன்னும் கவனம் வேண்டும், உளி கூர்மையாக இருக்க வேண்டும். முடித்த பேனாவை வீடியோவில் காட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நம்ம பனை மாதிரியில்லா இருக்கு" என்றார். பனையேதான் மாமா என்றேன். "அத அவ்வளவு வழவழன்னு எவனும் கொண்டுவந்ததில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

இது செய்யாத வேலைகளையும் சொல்ல வேண்டும். ஓட்டையை அடைக்காது. நுண்துளைக்குள் நிற்கிற ரெசின், கண்ணுக்குத் தெரிகிற பொந்திலிருந்து வடிந்து ஓடிவிடும். வண்டு துளைத்த கட்டை வண்டு துளைத்த கட்டையாகவே வெளியே வரும், ஆனால் உறுதியாக. அதை அடைக்க வேண்டுமானால் அடுத்த கட்டமாக எபோக்ஸியோ யூரேத்தேன் ரெசினோ வார்க்க வேண்டும். யூரேத்தேனுக்கு ஈரம் பட்டால் நுரைத்துவிடும் என்பதால், முதலில் இதில் ஊறவைத்து இறுக்கிய கட்டை வார்ப்புக்கும் நல்லது. அதேபோல மேல் பூச்சுக்கும் இது மாற்று இல்லை. தேய்த்தாலே பளபளக்கிறது, பூச்சு வேண்டாம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பேனா வியர்வைக் கையில் புழங்குகிற பொருள். நான் சி.ஏ. பசையை (சூப்பர் க்ளூ வகை) மெல்லிய படலங்களாக ஏற்றி, மைக்ரோமெஷ் என்கிற தேய்ப்புத் தாளில் 12000 எண் வரை தேய்த்துத்தான் கொடுக்கிறேன்.

இன்னொன்று, முழு ஈரத்தையும் எடுக்கும்போது கட்டை சுருங்கும், சில சமயம் கோணும். அளவுக்குச் சரியாக அறுத்துப் போட்டால் வெளியே வரும்போது போதாமல் போகும். கொஞ்சம் பெருசாக அறுத்து, இறுகிய பிறகு சதுரப்படுத்துங்கள். மேலே கசிந்து இறுகிய பொருக்கையும் அப்போதே சுரண்டிவிடலாம். அந்தத் தூள் மூக்குக்குள் போக வேண்டியது இல்லை, முகமூடி போடுங்கள்.

சாயம் கலக்கலாம் என்பது ஒரு கவர்ச்சி. நீலம், பச்சை, ஊதா என்று கலந்து ஊற்றினால் வெள்ளைப் பகுதி வாங்கிக்கொள்ளும், வைரம் வாங்காது, திட்டுத்திட்டாக வரும். அதற்கென்று ரசிகர்கள் இருக்கிறார்கள். எனக்கு மரம் மரமாக இருந்தால் போதும். சாயம் கலந்த ரெசினைத் திரும்பச் சாதா பாட்டிலில் ஊற்ற முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சேம்பரும் பம்பும் வேறு இடத்தில் வாங்கியவை. கடையின் பெயர் வேண்டாம், மலிவாகக் கிடைக்கிற செட். பம்ப் பரவாயில்லை. வால்வில் கசிவு இருந்தது, முள் இரவோடிரவாக இறங்கியது. ஹார்டுவேர் கடையில் நல்ல வால்வு வாங்கி மாற்றிய பிறகு சரியானது. எந்த செட் வாங்கினாலும் முதலில் ரெசின் இல்லாமல் வெற்றிடமாக்கி, வால்வை மூடி, காலையில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அக்ரிலிக் மூடியாக இருந்தால் ஆல்கஹால் போட்டுத் துடைக்காதீர்கள், மயிரிழை விரிசல் விழுந்துவிடும். பம்ப் எண்ணெய் பால் நிறமானால் ஈரம் போயிருக்கிறது என்று அர்த்தம், உடனே மாற்ற வேண்டும். எண்ணெய் அப்படிப் பால் நிறமாகிறது என்றால் கட்டையும் சரியாகக் காயவில்லை.

விலைக்கு வருவோம். காலன் நூறு டாலரைத் தாண்டும். அதோடு பம்ப், சேம்பர், டோஸ்டர் ஓவன். இரண்டு மூன்று பேனா செய்து அண்ணன் தம்பிகளுக்குக் கொடுக்கத்தான் ஆசை என்றால் இது எதுவும் வேண்டாம், ஸ்டெபிலைஸ் செய்த கட்டையாகவே விற்கிறார்கள். கட்டை சொந்தமானது, அந்த ஒன்றுதான் வேண்டும் என்றால் அனுப்பிவைத்துச் செய்து வாங்குகிற சேவைகளும் உண்டு. கத்திக் கைப்பிடி செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறார்கள். ஒரு கட்டையில் விரல் அகலத்துக்கு மட்டும் இற்றுப்போயிருந்தால் நீர்த்த சி.ஏ. பசையை அந்த இடத்தில் சொட்டினாலே போதும், ஆனால் அது மேலாக மட்டும்தான் இறங்கும்.

கொல்லையில் மரம் விழுந்து கிடக்கிறது, குவியல் குவியலாக உளுத்த கட்டை இருக்கிறது, எடை எழுதிவைக்கப் பொறுமையும் இருக்கிறது என்றால் வாங்குங்கள். முதல் தடவைக்குக் காலன் வேண்டாம், சின்ன அளவே வாங்குங்கள். சேம்பர் அகலமாக இருந்தால் கட்டையை மூழ்கடிக்கவே பாதி ரெசின் போய்விடும். ஆகவே பேனாக்கட்டை செங்குத்தாக நிற்கிற, ஒடுக்கமான, உயரமான சேம்பராகப் பாருங்கள். நுரைக்கும் மேலே இடம் கிடைக்கும், ரெசினும் குறைவாகத்தான் பிடிக்கும்.